கத்திக்குப் பிடி போடுதல்



வேலை நாள் மாலையில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேருவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்று நான் பேச வந்திருப்பது கத்தியைப் பற்றி. கத்தியிலும் வெட்டுகிற பகுதியை விட்டுவிடுகிறேன். பிடிக்கிற பகுதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கையால் அடித்த கத்திக்குப் பிடியை எப்படிச் செதுக்குகிறார்கள்? அதை இரும்போடு எப்படிப் பொருத்துகிறார்கள்? அந்த வேலையில் நம் மக்களின் கை எங்கே இருக்கிறது? இவைதான் இன்றைய கேள்விகள்.

கூர்மையைப் பாராட்டாதவர் யார்? உருக்கின் பெருமையைப் பேசாதவர் யார்? ஆனால், பிடியைப் பாராட்டிப் பேசிய ஒரு மேடையை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் கத்திகளும் கிடைத்தன. இரும்பு துருவேறியாவது மிஞ்சும். மரம் மக்கி மண்ணாகிவிடும். அதனால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பாதிக் கத்திதான். அந்தக் கத்தியைப் பிடித்த மனிதரின் உள்ளங்கை எவ்வளவு அகலம், அவர் இழுத்து வெட்டினாரா, ஓங்கி வெட்டினாரா என்பதையெல்லாம் சொல்லக்கூடிய மற்றப் பாதி அழிந்துபோயிற்று.

ஆதிச்சநல்லூர் இருக்கட்டும். நம் தாத்தா பாட்டி கையில் இருந்த கத்தியின் பிடியாவது நம்மிடம் இருக்கிறதா?

ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக் கத்தியிலிருந்து தொடங்குகிறேன். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் குடும்பமாவது அந்தக் கத்தியைப் பிடித்துத்தான் பிழைத்திருக்கும்.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஹென்றி ரிட்லி. அமேசான் காட்டில் அன்றைக்கு மரத்தைச் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொத்திய இடம் புண்ணாகும். ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் பட்டை தடிக்கும். ரிட்லி கண்ட வழி வேறு. பட்டையைக் கொத்தாமல் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பிலிருந்து மறுபடி ஒரு சீவல் எடுக்க வேண்டும். மலாயாவின் ரப்பர்ச் செல்வம் முழுவதும் இந்தச் சீவலின் மேல்தான் நின்றது.

அந்தச் சீவல் எவ்வளவு தடிமன்? ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே எவ்வளவு ஆழம் போகலாம்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரம் வளர்வதற்கு ஆதாரமான ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியே கத்தி நிற்க வேண்டும். அந்தப் படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். தொட அஞ்சி மேலோட்டமாகச் சீவினால் மங்குக் கோப்பையில் பால் குறையும். வெட்டு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே சரிய வேண்டும். ஒட்டுக்கட்டிய மரத்துக்கு 30 பாகைச் சரிவு. பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இத்தனையும் எப்போது நடக்கும்? விடிவதற்கு முன்னால், இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். எத்தனை மரம்? ஒருவர் வெட்டும் நிரைக்கு நானூறு, ஐந்நூறு.

இப்போது சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் கணக்கை இருட்டில், ஓட்டமும் நடையுமாக ஐந்நூறு மரத்தில் காப்பாற்றியது எது? கண்ணா? விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? கத்தியின் கூர் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்ற செய்தியைக் கைக்குக் கொண்டுவந்தது பிடி. பட்டையின் மெத்தென்ற தன்மை, கட்டையை நெருங்கும்போது கத்தி தரும் எதிர்ப்பு எல்லாம் அந்தப் பிடி வழியாகத்தான் விரலுக்கு ஏறின. பால் வெட்டியவர்கள் விரலால் பார்த்தார்கள்!

இந்த நாட்டுத் தோட்டங்களில் பெரிதும் புழங்கிய ஜெபோங் கத்தியின் நுனி மடங்கியிருக்கும். அதை வெட்டுபவர் தன்னை நோக்கி இழுப்பார். தள்ளி வெட்டும் வகையும் உண்டு. இழுக்கும் கத்திக்கும் தள்ளும் கத்திக்கும் ஒரே பிடி சரிப்படுமா? சரிப்படாது. இழுக்கும்போது கையிலிருந்து நழுவாதபடி பிடியின் கடைசியில் ஒரு தடிப்பு வேண்டும். தள்ளும்போது கை முன்னேறி இரும்பின் மேல் போய்விடாதபடி முன்பக்கம் ஒரு தடை வேண்டும். மணிக்கட்டைத் திருப்பி நுணுக்கமாகச் சீவும் வேலைக்கு ஒல்லியான பிடி. ஓங்கி வெட்டும் வேலைக்கு உள்ளங்கை நிறையும் பிடி.

கருவி வடிவமைப்பை ஆராய்கிறவர்கள் இன்று இதை அளவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இறுக்கிப் பிடித்து வலுவாகச் செய்யும் வேலைக்குப் பிடியின் விட்டம் 3 முதல் 5 சென்டிமீட்டர்; நுணுக்கமான வேலைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கீழே; நீளம் உள்ளங்கையைத் தாண்டி நிற்க வேண்டும், 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் என்ன ஆகும்? பிடியின் முனை உள்ளங்கை நடுவில் குத்தும். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடம் அது. ஒரு நாளில் வலி, பத்து வருஷத்தில் விரல் மரத்துப்போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். பெண்களின் கை சிறியது. கடையில் விற்கிற பிடி யார் கைக்கு அளவெடுத்தது? யார் கைக்கும் இல்லை! ஆகவே பெரிய பிடியைச் சீவிச் சிறிதாக்குவது, துணி சுற்றித் தடிமனாக்குவது, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றி வழுக்காமல் செய்வது என்று தங்கள் கைக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். இதை யாரும் தொழில்நுட்பம் என்று அழைக்கவில்லை. கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் எத்தனை ராத்தல் பால் என்று எழுதினாரே தவிர, எந்த அம்மாள் தன் கத்திப் பிடியை எப்படித் திருத்தினார் என்று எழுதவில்லை. நான் எழுதச் சொல்கிறேன். அது தொழில்நுட்பம்தான். இரும்பைக் கொடுத்தவர் கொல்லராக இருக்கலாம், தொழிற்சாலையாக இருக்கலாம். அந்த இரும்பை ஒரு குறிப்பிட்ட மனிதரின் கத்தியாக்கியது உழைத்தவரே திருத்திக்கொண்ட பிடி.

சரி, பொருத்தும் வேலைக்கு வருவோம். நான் மிகவும் நேசிக்கிற பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தோட்டங்களிலும் மலாய்க் கிராமங்களான கம்பங்களிலும் எல்லாருக்கும் தெரிந்த பாராங் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியின் பழைய ஸ்பிரிங் தகட்டை உலையில் காய்ச்சி அடித்த அலகு. அலகின் பின்னால் ஒல்லியாக, நுனி நோக்கிக் குறுகி ஓர் இரும்பு நீளும். அதை வால் என்று வைத்துக்கொள்வோம்; மலாயில் பூத்திங் என்பார்கள். இந்த வால் மரப்பிடிக்குள் இறங்கி உட்கார வேண்டும். ஓங்கி ஓங்கி வெட்டினாலும் அசையக் கூடாது.

முதல் வேலை, மரத்தின் ரேகை பார்ப்பது. ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் பிடி ஒரு நாள் முறியும். முறியும்போது அலகு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பூண். உலக்கைக்குப் பூண் போட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிடியின் வாயில் பித்தளையிலோ செம்பிலோ ஒரு வளையம். ஆனால், ஏன்? ஒவ்வொரு வெட்டுக்கும் வால் மரத்துக்குள் ஆப்பு போல வேலை செய்து பிடியைப் பிளக்கப் பார்க்கிறது. அந்தப் பிளவைத் தடுத்து நிற்பது பூண். அதனால்தான் அனுபவசாலிகள் பூணை முதலில் இறுக்கிவிட்டு, அதன் பிறகே வாலை இறக்குவார்கள். வாலை இறக்கிவிட்டுப் பிறகு அழகுக்காகப் பூண் போடுகிறவரிடம் கத்தி வாங்காதீர்கள்.

மூன்றாவது, துளை. வாலை விடச் சிறிய துளை போட்டு, வாலின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். மரம் புகைந்து எரிந்து, வாலின் வடிவத்துக்கே இடம் கொடுக்கும். ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. இறக்கி, எடுத்து, கரியைச் சுரண்டி, மறுபடி இறக்க வேண்டும். கரியை விட்டுவிட்டால் என்ன? கரி நொறுங்கும். நொறுங்கினால் பிடி ஆடும். இந்த நேரத்தில் அலகை ஈரத் துணியால் சுற்றி வைத்திருப்பார்கள். அலகில் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு ஏறினால் உருக்கின் பதம் இளகத் தொடங்கும், கூர் நிற்காது. அலகுக்குச் சூடு ஏறாமல் வாலை மட்டும் காய்ச்சுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

நான்காவது, அரக்கு. மரத்தில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரப்பது. மலாய்க்காரர்கள் எம்பாலாவ் என்பார்கள். பொடித்த அரக்கைத் துளையில் போட்டு, சூடான வாலை மறுபடி இறக்கினால் அரக்கு உருகி இண்டு இடுக்கெல்லாம் நிறையும். ஆறும் வரை அலகும் பிடியும் ஒரே கோட்டில் நிற்கும்படி அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். ஆறியதும் இறுகிவிடும். பிடி உடைந்தால்? மறுபடி சூடு காட்டினால் அரக்கு இளகி, வால் வெளியே வந்துவிடும். பழைய அலகு, புதிய பிடி. அலகு மூன்று பிடிகளைப் பார்த்துவிடும்.

இன்று பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் வீட்டுக் கார் கொட்டகையில் கத்திக்குப் பிடி போடும் இளைஞர்கள் எப்பாக்சி பசையைப் பயன்படுத்துகிறார்கள். நல்லதுதான். தண்ணீர் புகாது, நன்றாகப் பிடிக்கும். ஆனால், பளபளப்பான இரும்பில் பசை நிற்காது. உப்புத்தாளால் வாலைச் சொரசொரப்பாக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். வேலை செய்யும் நேரமெல்லாம் கூரின் மேல் தடித்த டேப்பைச் சுற்றி வையுங்கள். பிடி போடும்போது கையை வெட்டிக்கொள்வது எளிதில் நடக்கிற விபத்து.

அடுத்து மரம். எந்த மரம் நல்லது?

தமிழ்நாட்டில் புளியும் பூவரசும் வேல மரமும். இங்கே செங்கால், மெர்பாவ், வீட்டுக் கொல்லைக் கொய்யா. மலாய்க்காரர்கள் கெரிஸ் குத்துவாளின் பிடிக்கும் உறைக்கும் உயர்வாக மதிக்கும் கெமூனிங் மரம் எது தெரியுமா? நம் கறிவேப்பிலையின் நெருங்கிய உறவு! மஞ்சள் ஓடிய, நெருக்கமான ரேகையுள்ள கட்டை. செதுக்கினால் நுணுக்கமான வேலைக்கு இடம் கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரெங்காஸ் மரம் சிவந்து, பார்க்கப் பட்டுப் போல இருக்கும். அதன் பால் பட்டால் உடம்பு கொப்புளிக்கும். முந்திரி, சேங்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இன்னது என்று தெரியாத கட்டையை அழகுக்காக அறுக்காதீர்கள். எந்த மரமானாலும் முகக்கவசம் போடாமல் தேய்க்காதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

நம் தட்பவெப்பத்தையும் மறக்கக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தை மரம் குடித்து உப்பும். அதே கத்தியைக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் ஈரம் வற்றிச் சுருங்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். நேற்று இரும்போடு ஒட்டி வழவழவென்று இருந்த பிடியில் இன்று விரல் நகம் போகும் இடைவெளி. அதனால் பச்சை மரத்தில் பிடி போடாதீர்கள். கட்டையை வெட்டி, முனைகளில் மெழுகோ சாயமோ பூசி, நிழலில் மாதக்கணக்கில் காய விடுங்கள். பூசுவதற்கு நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் எடுப்பார்கள். அது உலராது, பிசுபிசுக்கும், சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து இறுகும். மெல்லப் பூசி, துடைத்து, காய விட்டு, மறுபடி பூச வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வடிவத்துக்கு ஒரு சொல். பிடி உருண்டையாக இருக்கக் கூடாது. முட்டை வடிவில், ஒரு பக்கம் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும்.

இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. 1963-இல் திறந்தது. 2017 முதல் கே.எல். சென்ட்ரலோடு இணைத்து எம்.ஆர்.டி. நிலையமும் வந்துவிட்டது. அரும்பொருளகத்தில் கெரிஸைப் பார்க்கும்போது எல்லாரையும் போல நெளிந்த அலகையே பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிடியைப் பாருங்கள். மலாயில் அதற்கு ஹூலு. ஜாவா டெமாம் என்றொரு வடிவம்: காய்ச்சலில் குளிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கும் மனிதரைப் போன்றது. கிளந்தான், பட்டாணிப் பக்கத்தில் பெக்காக்கா என்ற நீண்ட மூக்குப் பிடி. பாராங் பிடியை அரக்கு வைத்து இறுக்குகிறார்கள் என்றேன். கெரிஸின் வாலிலோ துணியையோ நூலையோ சுற்றி, பிடியை அழுத்தித் திருகி நிறுத்துகிற வழக்கம் உண்டு. ஏன்? அலகைக் கழுவித் துடைக்கப் பிடியைக் கழற்ற வேண்டும். உழைப்புக் கத்தியின் பிடி அசையக் கூடாது. மரியாதைக் கத்தியின் பிடி கழன்று வர வேண்டும். தேவை எதுவோ அதன்படிதான் பொருத்தும் முறை.

எண்ணெய்ப் பனைத் தோட்டத்தையும் ஒரு வார்த்தையில் தொட்டுப் போகிறேன். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற தோட்டக்காரர் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கில் எண்ணெய்ப் பனை நட்டார். பனை உயர உயரக் கத்தியின் பிடியும் உயர்ந்தது. குலை வெட்டும் வளைந்த கத்தியை மூங்கில் கழியில் கட்டினார்கள்; பின்னால் அலுமினியக் கழி வந்தது. அங்கே பிடியின் எடையைத் தாங்குவது மணிக்கட்டு இல்லை, கழுத்தும் தோளும்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்றைக்குப் 'பாராங்' என்ற பெயரை நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? நாளிதழின் குற்றச் செய்தியில். தோட்ட லயத்து வாசலில் விறகு பிளந்த கத்தி, தேங்காய் உடைத்த கத்தி, முனியாண்டி சந்நிதியில் எலுமிச்சம்பழம் குத்தி வைத்துக் கும்பிட்ட கத்தி, இன்று ஓர் அச்சத்தின் பெயராகிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கத்தியின் வேலை தெரியாமல் போயிற்று. அதன் மிரட்டல் மட்டும் தெரிந்தது. ஒரு கட்டையை எடுத்து, அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, தன் கைக்கு ஒரு பிடி செய்து பார்த்த பையன் கத்தியை வேறு மாதிரிதான் பார்ப்பான் என்று நான் மனதார நம்புகிறேன். இதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். ஒரு மேசை, ஒரு பிடிமானக் கருவி, இரண்டு அரம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர்.

மரமும் நம்மிடமே இருக்கிறது. பால் வற்றிய ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். இன்று அது பதப்படுத்தி ஏற்றுமதியாகும் தளவாட மரம். வெட்டியதும் பூஞ்சையும் துளைக்கும் பூச்சியும் பிடிக்கும் மரம் அது. ஆகவே போரான் உப்பேற்றி, சூளையில் உலர்த்தி விற்கிறார்கள். தளவாடக் கடையின் கழிவுத் துண்டு போதும், சமையல் கத்தி ஒன்றுக்கு நல்ல பிடி செய்துவிடலாம். நம் பாட்டிமார் சீவிய மரம், பேரப்பிள்ளையின் சமையலறையில் பிடியாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் யார் வீட்டிலாவது, கிள்ளானிலோ காப்பாரிலோ பந்திங்கிலோ உறவுக்காரர் வீட்டிலாவது, பழைய பால்வெட்டுக் கத்தி கிடக்கலாம். தகர டப்பாவில், மாடிப்படிக்குக் கீழே, சாமி அறை மூலையில். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் எடுத்துப் பாருங்கள். பிடியைத் தேய்த்துப் புதிதாக்காதீர்கள், சாயம் பூசாதீர்கள். நீளம் எவ்வளவு, மிகத் தடித்த இடம் எவ்வளவு, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, துணியோ டியூப்போ சுற்றியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடித்தவர் பெயர், எந்தத் தோட்டம், வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு படமும் எடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பின்வரிசை மேசையில் பிடி இல்லாத மூன்று அலகுகளும், அரைகுறையாகச் செதுக்கிய கட்டைகளும் வைத்திருக்கிறேன். கூரெல்லாம் டேப் சுற்றியிருக்கிறது, பயப்பட வேண்டாம். கலைந்து போகும் முன் ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பாருங்கள். எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது, எது குத்துகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.